ஈ எடை

அந்த வருஷம் எங்கள் வீட்டில் கடுகு வெடிக்கவில்லை.

தொண்ணூற்றொன்று. பிள்ளைப்பாக்கத்துக்கு நான் மருமகளாக வந்து இரண்டாவது வருஷம், வயிற்றில் பிள்ளை. வீட்டுக்காரர் மறைமலைநகர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டினார். ஷிப்ட் போக மிச்ச நேரமெல்லாம் பாக்ஸர். கப்புக்காக ஆடுகிறவர் இல்லை. டிக்கெட் போட்டு, டியூப் லைட் கட்டி, காசு கொடுத்து ஆடவைக்கிற மேடைகளில் ஏறுகிறவர். அவர் ஆடியது ஃப்ளை வெயிட். ஃப்ளை என்றால் ஈ என்று கல்யாணமான புதிதில் அவரே சொல்லிக்கொடுத்தார். நூற்றுப் பன்னிரண்டு பவுண்டுக்கு மேல் போனால் ஈ இல்லை, அடுத்த எடை. அது பேன்டம், குட்டைக்கால் சேவல். அதற்கும் மேலே ஃபெதர், இறகு. சேவலைவிட இறகு எப்படிக் கனமாகும் என்று பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் யோசிப்பேன். சாம்பல் காய்ந்து கையில் ஒட்டிப்போயிருக்கும்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு இது போதும். "ஈ எடையாமே உன் வூட்டுக்காரரு? அப்ப ரிங்குல ஏறி ஈ ஓட்டிகினு இருப்பாரு."

ஆனால் அந்த வருஷம் அவர் உடம்பு சேவலாகப் பார்த்தது. தின்னாமல் இருந்தாலும் தோள் அகன்றது. பேன்டமில் ஆடலாமே என்று ஒருநாள் கேட்டேன். சுவரோரம் நின்று கையை நீட்டிக் காட்டினார். "அவனுங்க எல்லாம் ஒசரம். அவன் கை என் மூஞ்சிக்கு வந்துடும். என் கை அவன் மூஞ்சிக்குப் போவாது. ஈயா இருந்தாத்தான் நான் ஆளு." பந்தயம் நடத்துகிறவர் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார். இந்த ஒரு பந்தயத்தை ஃப்ளையில் ஜெயித்தால் பம்பாய்க்குக் கூட்டிப்போவார், பட்டத்துக்கு ஆடலாம். எடை கூடி வந்து நின்றால் இனி கூப்பிட மாட்டார்.

அதனால் சோறு போனது. பிறகு உப்பு. கேழ்வரகுக் கஞ்சி, வேகவைத்த சுரைக்காய். அதையெல்லாம் அவர் தாங்கினார், வாசனையைத்தான் தாங்க முடியவில்லை. ஒருநாள் நான் ரசத்துக்கு எண்ணெய் காயவைத்தபோது வாசற்படியில் வந்து நின்று, சண்டை போடுகிறவர் குரலே இல்லாமல், "தாளிக்காதடி" என்றார். அன்றோடு வீட்டில் தாளிப்பு நின்றது.

அத்தைக்கு மனசு ஆறவில்லை. "இன்னாடி இது, சாவு வூடு மாதிரி கீது. எழவு வுழுந்த வூட்லதான் தாளிக்க மாட்டாங்க. புள்ளதாச்சிய வச்சிகினு இப்பிடியா?"

தாளிக்காத வீட்டின் சேதி தாளிப்பைவிட வேகமாகப் பரவும் போலிருக்கிறது. ஒரு மத்தியானம் வல்லக்கோட்டையிலிருந்து என் பெரியம்மா வந்தாள். தெருமுனையிலேயே ஒப்பாரி ஆரம்பமாகிவிட்டது. யார் போனது என்று அவளுக்கே நிச்சயமில்லை போல, பொதுவாக அழுதுகொண்டு வந்தாள். வீட்டுக்காரர் அப்போதுதான் ஏரிக்கரையில் ஓடிவிட்டு, வியர்ப்பதற்காக யூரியா சாக்கில் ஓட்டை போட்டுச் சட்டையாக மாட்டியிருந்த கோலத்தில் வாசலில் உட்கார்ந்திருந்தார். பெரியம்மா அவரைப் பார்த்தாள். ஒட்டிய கன்னத்தைப் பார்த்தாள். அழுகையை நிறுத்துவதா கூட்டுவதா என்று ஒரு நிமிஷம் தடுமாறி, கூட்டினாள்.

"நான் உசுரோடதான் கீறேன் பெரிம்மா," என்றார் அவர்.

"தெரியுதுப்பா. அதான் அழுவுறேன்."

பசி ஒரு வீட்டை லேசாக்கிவிடும். அந்த மாதங்களில் அவர் நடந்தால் சத்தம் கேட்காது. திரும்பினால் பின்னால் நிற்பார். வெயிலில் காயும் துணிக்குப் பக்கத்தில் நின்றால் எது துணி எது அவர் என்று கண் ஒருகணம் யோசிக்கும். எனக்கோ நாளுக்கு நாள் கால் தரையில் பதிந்தது. பகல் தூக்கத்தில் கடுகு வெடிக்கும் சத்தம் கேட்கும், கனவில் நான் ஒரு கருவேப்பிலை மரத்தடியில் வாயைத் திறந்துகொண்டு நிற்பேன். சில மத்தியானங்களில் பக்கத்து வீட்டுத் தாளிப்பு சுவரேறி வரும். எண்ணெய், வெங்காயம், காய்ந்த மிளகாய். நாங்கள் பேசிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுவோம். கேட்டில் நின்று ரயில் போகட்டும் என்று காத்திருப்பவர்களைப் போல அது கடந்து போகும்வரை இருவரும் சும்மா இருப்போம். வயிற்றுக்குள் பிள்ளை மட்டும் உதைக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரகடம் சாலையில் இருந்த ரைஸ் மில்லுக்குப் போவோம். மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு அங்கே இருந்தது. மில்லுக்காரருக்குப் புருவம், இமை எல்லாம் தவிட்டுத் தூள். நெல் மூட்டைகளுக்கு நடுவே வீட்டுக்காரர் பனியனோடு ஏறி நிற்பார். உயரத்து ஜன்னலிலிருந்து வெயில் சாய்ந்து இறங்கும், அதில் உமி மிதக்கும், அதற்குள் அவரும் மிதப்பதுபோல இருக்கும். மில்லுக்காரர் குண்டை நகர்த்தி, லாரிக்குச் சொல்வதுபோலச் சத்தமாகச் சொல்வார். பிறகு என்னையும் ஏறச் சொல்வார், சும்மா தமாஷுக்கு.

"அம்மா ஏறிகினே போறாங்க, அய்யா எறங்கிகினே போறாரு. சேத்து நிறுத்தா கணக்கு மாறவேயில்ல."

பந்தயத்துக்கு முந்தின ஞாயிறு மில்லுக்காரர் சொன்ன எடை, "அம்பதரை." கிலோவைப் பவுண்டாக்கிப் பார்த்தால் வரம்புக்குள் வந்தது. திரும்பி வரும்போது வீட்டுக்காரர் சைக்கிளை மிதிக்காமல் உருட்டிக்கொண்டே என்னோடு நடந்தார். பம்பாயில் கடலுக்கு எதிரே ரிங் போடுவார்களாம், காற்றுக்குக் கயிறெல்லாம் ஆடுமாம், யாரோ சொன்னார்களாம். நானும் நம்பினேன். எனக்கு அந்தக் கயிறு கண்ணுக்கே தெரிந்தது.

பந்தயத்தன்று காலையில் இருவரும் ரயிலேறிப் பட்டணத்துக்குப் போனோம். வடசென்னையில் ஒரு கல்யாண மண்டபம். சாயங்காலத்துக்கு ரிங் கட்டிக்கொண்டிருந்தார்கள். மணமகள் அறையில் எடை. டாக்டர் வீட்டில் இருக்குமே, அந்தமாதிரி நிற்கிற தராசு. எடை பார்த்தவர் குண்டை நூற்றுப் பன்னிரண்டில் வைத்தார். கம்பி மேலே போய் இடித்துக்கொண்டு நின்றது. வீட்டுக்காரர் பனியனைக் கழற்றினார். அப்படியே நின்றது. பேன்ட்டைக் கழற்றினார், நான் கதவருகில் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஒன்றரை பவுண்டு மேல," என்ற குரல் மட்டும் கேட்டது.

எதிராளி, பம்பாயிலிருந்து வந்திருந்த பையன், முன்பே எடை கொடுத்துவிட்டு பெஞ்சில் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தான். பந்தயம் நடத்துகிறவர் சஃபாரி சட்டைக்குள் விசிறிக்கொண்டே சொன்னார். "ரெண்டு மணி நேரம் தரேன். எறங்கி வா. இல்லன்னா வேற ஆளு நிக்கிறான்."

அவர் பையிலிருந்து யூரியா சாக்கை எடுத்து மாட்டிக்கொண்டு ரோட்டில் ஓட ஆரம்பித்தார். துறைமுகத்துச் சுவரோரம் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. சுவரின் கடைசி வரை போய்த் திரும்பி வருவார். வெயில், உப்புக் காற்று, டீசல். ஓர் இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் நிழல் இருந்தது, அங்கே உட்கார்ந்தேன்.

"இன்னாம்மா, உன் ஊட்டுக்காரரா? எந்த ஸ்டேஷன் போலீசு தொரத்துது?" என்றார் வண்டிக்காரர்.

"எடை கொறைக்கிறாரு."

"அவர்ட்ட இன்னாம்மா கீது கொறைக்கிறதுக்கு?"

அதுதான் உண்மை. ஒவ்வொரு தடவை என்னைத் தாண்டும்போதும் பார்த்தேன், தோல் காய்ந்து கிடந்தது. வியர்வை வரவில்லை. உடம்பில் வெளியே வர எதுவும் மிச்சமில்லை. கொஞ்ச நேரத்தில் ஓட்டம் நடையாகி, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திடீரென்று சிரித்தார். பயந்துவிட்டேன்.

"இன்னா சிரிக்கிறீங்க?"

"கோணிடி."

"கோணியா?"

"மில்லு தராசு. மூட்டைய நிறுக்குறப்ப, கோணி எடைய அதுவே கழிச்சிக்கிற மாதிரி குண்ட மாட்டி வச்சிருப்பாங்க. வெறும் நெல்லு எடைதான் காட்டும். எனக்கும் கோணியக் கழிச்சிட்டான்."

"உங்களுக்குத் தெரியாதா அது?"

"மூட்ட ஏத்துறப்ப தெரியும். நானே ஏறி நின்னப்ப ஞாபகமே இல்ல." இன்னும் கொஞ்சம் சிரித்தார். "தோலுக்குள்ள கீறதுதான் நெல்லுன்னு நெனச்சிட்டான் போல."

பிறகு என் முகத்தைப் பார்த்தார். என் உதடு வெடித்திருப்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. வண்டிக்காரரிடம் சொல்லி ஓர் இளநீர் வெட்டச் சொன்னார். நான் பாதி குடித்தேன். எங்கள் வீட்டில் டீயோ தண்ணியோ எதுவானாலும் பாதி குடித்துவிட்டு மிச்சத்தை மற்றவரிடம் நீட்டுவது வழக்கம். கை அதே வேகத்தில் நீண்டுவிட்டது. நீண்ட பிறகு மூளை ஓடிவந்தது. பின்னால் இழுத்தேன்.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கொடுத்த நேரத்தில் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. இன்னொரு சுற்று ஓடலாம், எச்சில் துப்பலாம், முடி வெட்டிக்கொள்ளலாம், அந்தத் தொழிலில் அதெல்லாம் உண்டு. அவர் இளநீரின் ஓட்டைக்குள் பார்த்தார். கிணற்றை எட்டிப் பார்ப்பவர் மாதிரி. பிறகு ஸ்ட்ராவை எடுத்துப் போட்டுவிட்டுக் காயைத் தூக்கி அண்ணாந்து குடித்தார். தொண்டையில் தண்ணீர் இறங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அவ்வளவு லாரிகளுக்கு நடுவே அது ஒன்றுதான் கேட்டது.

காயை வண்டிக்காரரிடம் நீட்டினார். "வழுக்க கீதா பாருப்பா."

வண்டிக்காரர் ஒரே வெட்டில் பிளந்து, மட்டையில் கரண்டி சீவிக் கொடுத்தார். வீட்டுக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவசரமில்லாமல், கடைசிச் சுரண்டல்வரை தின்றார். பிறகு எழுந்து, சாக்கைக் கழற்றி உதறி மடித்துவைத்துவிட்டு மண்டபத்துக்குள் போனார். என்ன பேசினார் என்று தெரியாது. சத்தம் எதுவும் வரவில்லை. பையோடு வெளியே வந்தார்.

அதன்பிறகு ஃப்ளையில் அவர் ஏறவில்லை. யாரும் கூப்பிடவுமில்லை. அடுத்த வருஷம் வேறு ஆட்கள் நடத்திய மேடைகளில் பேன்டமில் ஆடினார். அவர் சுவரோரம் நின்று காட்டியபடியேதான் நடந்தது, நீளக் கைகள் வந்தன, இவர் கை போகவில்லை. மூக்கு ஒருபக்கம் சாய்ந்ததோடு நிறுத்திக்கொண்டார். கம்பெனியில் ஓவர்டைம் பார்க்க ஆரம்பித்தார்.

மண்டபத்தை விட்டு வந்த அன்று மத்தியானம் செங்கல்பட்டு வண்டியில் இடம் கிடைத்தது. முறுக்கு வந்தால் முறுக்கு வாங்கினார், கொய்யா வந்தால் கொய்யா. கிண்டி தாண்டும்போது தின்றுகொண்டிருந்த கை மடியில் விழுந்தது. தலை என் தோளில் சாய்ந்தது. எத்தனையோ மாதமாகப் பக்கத்தில் படுத்திருந்தும் அவர் உடம்பின் கனமே எனக்குத் தெரிந்ததில்லை, பாய்மேல் நிழல் கிடப்பதுபோல இருப்பார். இப்போது வண்டி குலுங்கும்போதெல்லாம் அந்தத் தலை தோளை அழுத்தியது. வலித்தது. வாய் கொஞ்சம் திறந்து, ஓரத்தில் முறுக்குத் தூள்.

நாங்கள் இறங்க வேண்டிய சிங்கப்பெருமாள் கோவில் வந்தது. எழுப்பலாம் என்று கையைத் தூக்கினேன். எதிர் சீட்டு அம்மா, "எறங்கணுமா?" என்று கேட்டாள்.

இல்லை என்று தலையாட்டினேன். செங்கல்பட்டு வரைக்கும் போய்த் திரும்பி வந்தோம்.