ஓரம்... ஓரம்!

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரிக்கும் மதில் சுவருக்கும் நடுவே, என் சைக்கிளின் ஹேண்டில்பார் மட்டும் நுழைகிற சந்தில் சிக்கி நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது.

இருபத்தொரு கியர் வைத்த மலைச் சைக்கிள் என்னுடையது. வாங்கி ஒன்றரை வருஷம். பாதிக்கு மேல் கியர்களை நான் தொட்டதே இல்லை. எங்கே தொடுவது? காத்திவாக்கத்திலிருந்து ராயபுரம் வரை எனக்குக் கிடைக்கிற ஒரே மலை, மேம்பாலம்தான். மலையே இல்லாத ஊரில் மலைச் சைக்கிள்... லாரியின் சைலன்சர் என் முழங்காலில் புகை ஊதிக்கொண்டிருக்க, அப்போதே முடிவு செய்தேன். அடுத்த லீவுக்குக் காடு. நிஜமான மண் பாதை.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அப்பாவுக்கு மூன்று நாள் லீவு கிடைத்தது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு, சைக்கிளை வாடகைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு கிளம்பினோம். எந்த மலை என்று கேட்காதீர்கள். பெயரைச் சொல்லப்போவதில்லை. ஏன் என்று நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

அது ஒரு 'ஃபேமிலி ஃபாரஸ்ட் ரிசார்ட்'. எங்கள் அறைக்குப் பெயர் கரடி. வரவேற்பறைப் பலகையில் 'மவுண்டன் பைக் டிரெயில்' என்று பெரிதாக எழுதியிருந்தார்கள். அதற்காகத்தான் இந்த இடத்தையே புக் செய்தேன். போய்ப் பார்த்தால், கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி ஒரு வட்டம். நடுவில் பாதி புதைத்த நாலு பழைய டயர். அப்பா இடுப்பில் கைவைத்துப் பார்த்தார்.

"இத்த பாக்கவா இம்மாந்தூரம் வந்தோம்? நம்ம லாரி ஸ்டாண்டே இத்தவிட மேடு பள்ளமா கீதே பாப்பா."

நான் விடுகிற ஆள் இல்லை. போனில் சாட்டிலைட் படத்தை விரித்தால் பச்சையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. வாட்ச்மேன், பாதையெல்லாம் கிடையாது என்றார். அப்புறம் கண்டுபிடித்தேன் — ஒரு செருப்பை வைத்து.

ரிசார்ட் முழுக்க சிமென்ட் கல் பதித்த தரை. காலையில் பாத்திரம் கழுவ வந்த ராணியக்காவின் செருப்பில் மட்டும் ஈரமான செம்மண். ரோடு வழியாக வந்தவர் காலில் அது எப்படி ஒட்டும்? சமையலறைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். குப்பைத் தொட்டிக்கும் மூங்கில் புதருக்கும் நடுவே, ஒரு ஆள் அகலத்துக்கு, மேலே ஏறிக்கொண்டிருந்தது ஒற்றையடிப் பாதை. அடடா... நானே போட்ட பாதை மாதிரி ஒரு பெருமை எனக்கு!

மறுநாள் காலை ஏறினேன். பாதி தூரம் ஓட்டினேன், பாதி தூரம் தள்ளினேன். இருபத்தொரு கியரும் ஒரே நாளில் வேலை செய்தன. வேர்கள், பாறைப் படிகள், ஒரு சின்ன ஓடை, உச்சியில் ராணியக்காவின் ஊர், பத்துப் பதினைந்து வீடுகள். அங்கே உட்கார்ந்து, வழியைப் பதிவு செய்துகொண்டிருந்த சைக்கிள் ஆப்பில் தலைப்பையும் போட்டேன்: 'செம ஷோக்கா கீது ரூட்டு'. அப்புறம் இறங்கினேன்.

இங்கே எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் சைக்கிள் மணி யார் காதிலும் விழாது. அதனால் நாங்கள் வாயால்தான் வண்டி ஓட்டுகிறோம். திருப்பம் வந்தால், ஆள் இருக்கிறாரோ இல்லையோ, "ஓரம்... ஓரம்!" என்று கத்திவிடுவோம். காட்டிலும் கத்தினேன். பழக்கதோஷம்.

மூன்றாவது திருப்பத்தில் ராணியக்கா, முட்செடிக்குள் விழுந்து கிடந்தார். என் வண்டி அவரைத் தொடவில்லை. என் குரல்தான் தள்ளிவிட்டது. தலையில் சுமந்து வந்த ரேஷன் அரிசி மூட்டை வாய் பிரிந்து, சேற்றில் வெள்ளையாகச் சிதறிக் கிடந்தது.

ஓடிப்போய்த் தூக்கினேன். முழங்கையில் ரத்தக் கீறல். காட்டுக்குள் ஹாரன் அடிக்கக் கூடாது என்பதால், ரிசார்ட் ஜீப் டிரைவர் தலையை வெளியே நீட்டி இப்படித்தான் கத்திக்கொண்டு வருவாராம். ஜீப் இந்தப் பாதைக்கும் வந்துவிட்டது என்று பயந்து குதித்திருக்கிறார். இரண்டு பேரும் உட்கார்ந்து அரிசியை அள்ளினோம். மண் இல்லாத அரிசியாகப் பார்த்து அள்ளுவது எவ்வளவு நேரம் பிடிக்கும் வேலை, தெரியுமா?

"எந்த ஊரு நீ?"

எண்ணூர்ப் பக்கம் என்றேன்.

"அங்க ரோடு இல்லியா?"

கிண்டலாகக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா, தெரியவில்லை. கிளம்பும்போது மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சொன்னார்: "இந்த வழிய யாருகிட்டயும் சொல்லிடாதம்மா. இது இல்லேன்னா தார் ரோட்டுல சுத்தணும். ஒன்ற மணி நேரம்."

சொல்ல மாட்டேன் என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன்.

கீழே வந்து, கை தானாக ஆப்பில் 'ஸ்டாப்' அழுத்தியது. வழி, படங்கள், தலைப்பு எல்லாம் ஊருக்கே தெரிகிற மாதிரி போய்விட்டது. பழக்கதோஷம் என்று இதையும் சொல்லிவிடலாம். ஆனால் வழி வெளியே போய்விட்டது என்று சாயங்காலமே எனக்குத் தெரியும். லைக்குகள் வந்துகொண்டிருந்தன. "எங்க புடிச்ச இந்த டிரெயில?" என்று, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காத பெரிய ரைடர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் போனதும் ஆப்பிலிருந்து எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து எடுத்தேன். போன வாரம் ரிசார்ட்டின் விளம்பரம் என் போனுக்கே வந்தது. நான் எடுப்பதற்குள் அவர்கள் இறக்கி வைத்துக்கொண்ட அதே கோடு, அதே படங்கள். 'சென்னை ரைடர் கண்டுபிடித்த ரகசிய டிரெயில்!'

கண்டுபிடித்த... எத்தனை வருஷமாக எத்தனை கால்கள் நடந்து தேய்த்த பாதை. அதில் ஒரே ஒரு தடவை போனவளுக்குக் கண்டுபிடித்தவள் என்ற பட்டம். வழியைப் போட்டவர்களுக்குப் பெயர் கிடையாது. காட்டிக்கொடுத்தவளுக்கு உண்டு.

மேனேஜருக்கு போன் செய்தேன். சந்தோஷமாக நன்றி சொன்னார். சமையலறைக்குப் பின்னால் கேட் போட்டு, பூட்டும் போட்டாயிற்றாம். வேலையாட்கள் எப்படி வருவார்கள் என்று கேட்டேன்.

"அவங்க மெயின் ரோட்ல வரட்டும் மேடம். கெஸ்ட் மேல மோதிட்டா யாரு பதில் சொல்றது?"

அப்பாவிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மாவின் பிறந்த வீடு எண்ணூர்க் கடலோரத்து நெட்டுக்குப்பம். அங்கே முகத்துவாரத்துக்குப் போகிற வழியில், எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே ஒரு கேட் வந்துவிட்டது. மாமா இன்றைக்கும் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு சுற்றித்தான் போகிறார். கேட் என்றால் என்னவென்று எங்கள் வீட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அப்பா கையை உதறிவிட்டு ஒரே ஒரு விஷயம் சொன்னார்:

"நம்ம வழிக்கு கேட்டு போட்டவன் மூஞ்சிய நாம பாத்ததேயில்ல. அவங்களுக்கு உன் மூஞ்சி தெரியும் பாப்பா."

இந்த சனிக்கிழமை போகிறேன். பஸ்ஸில். சைக்கிள் இல்லாமல்.

கையில் ஒன்றே ஒன்று இருக்கிறது. ஆப்பிலிருந்து எடுத்துவிட்டாலும் என் போனில் அந்தப் பதிவு தேதியோடு, நேரத்தோடு அப்படியே கிடக்கிறது. கேட் வருவதற்கு முன்னால் அங்கே ஊர் போகிற வழி இருந்தது என்பதற்கு அது சாட்சி. பஞ்சாயத்தில் மனு கொடுக்க அது போதுமா? தெரியாது. முதலில் ராணியக்காவைக் கேட்க வேண்டும். அவர் வேலை அந்த ரிசார்ட்டில்தான் இருக்கிறது. வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இன்னொரு தடவை அவரைக் கேட்காமல் அவர் வழியில் நான் எதையும் செய்வதாக இல்லை.

விடியற்காலையில் அவர் வேலைக்கு இறங்கி வருகிற அந்தத் தார் ரோட்டில், அவருக்கு எதிரே நடந்து ஏறப்போகிறேன். ஒன்றரை மணி நேரம். வழியில் எப்படியும் ஜீப் வரும், டிரைவர் தலையை நீட்டிக் கத்துவார்.

இந்தத் தடவை ஓரம் போகிறவள் நான்.