உறை பிரிக்காத வெந்நீர்த் தொட்டி

கண்ணாடிக்காரம்மாவுக்குத் தொட்டி விற்கிற யோசனை தானாக வந்ததல்ல. அவள் வேலை பார்க்கும் கடைக்கு மூக்குக்கண்ணாடி வாங்க வந்த ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது. ஹாட் டப் என்கிறார்களே, நாலைந்து பேர் கழுத்தளவு வெந்நீரில் உட்கார, சுற்றிலும் தண்ணீர் பீய்ச்சி உடம்பைப் பிடித்துவிடுமே, அந்தத் தொட்டிக் கம்பெனியின் மேலாளர் அவர். அவர் ஆசையாக எடுத்த வட்ட ஃப்ரேமை அவள் பிடுங்கி வைத்துவிட்டு, "இது உங்க முகத்துக்கு எடுக்கலை சார். ஆந்தை மாதிரி இருக்கீங்க" என்று நேருக்கு நேர் சொன்னாள். வேறொன்றை மாட்டிவிட்டாள். மனிதர் சொக்கிப் போனார். "சனி ஞாயிறு மட்டும் எங்க தொட்டியை வித்துப் பாருங்களேம்மா" என்றார்.

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. இத்தனை வருஷமாக இன்னொருவர் கடையில் நின்று, இன்னொருவர் பூட்டைப் பூட்டியவளுக்குச் சொந்தமாக ஒரு வியாபாரம்! தொட்டியைப் பற்றி ஆனா ஆவன்னா தெரியாது. தெரியாவிட்டால் என்ன, பேசத் தெரியுமே! பஸ் ஓட்டும் அவள் கணவர், "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று கேட்டதோடு சரி.

மாதிரிக்கு ஒரு தொட்டியைக் கம்பெனி ஆட்கள் அவள் வீட்டுக் கார் ஷெட்டில் இறக்கி, மின்சார இணைப்பும் கொடுத்துவிட்டுப் போனார்கள். மாதக் கடைசிக்குள் ஒன்றாவது விற்க வேண்டும். இல்லாவிட்டால் தொட்டியும் திரும்பிப் போகும், ஏஜென்சியும் வேறு ஆளுக்குப் போகும்.

அங்கேதான் கண்ணாடிக்காரம்மா தன் புத்தியைக் காட்டினாள். அந்த வீட்டில் டிவி ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை உண்டு. சோபாவுக்கும் உண்டு. மெத்தைகூட கம்பெனி உறைக்குள்தான். புரண்டு படுத்தால் வீடே விழித்துக்கொள்ளும். தொட்டியை மட்டும் விடுவாளா? உறையைப் பிரிக்காததோடு, மேலே ஒரு பழைய போர்வையையும் போர்த்தி வைத்தாள். யாராவது வந்தால் போர்வையை ஓரமாக விலக்கிவிட்டு மூச்சு விடாமல் பேசினாள். வந்தவர்கள் பிளாஸ்டிக்கை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றோம்" என்று நழுவினார்கள்.

"அண்ணி, துணிக்கடையில கூட பிரிச்சுக் காட்டுவாங்க. நீங்க என்னடான்னா பொணத்தைக் காட்டுற மாதிரி மூஞ்சியை மட்டும் திறக்குறீங்க" என்றாள் கூடவே இருக்கும் நாத்தனார்.

"வாயைக் கழுவுடி. அழுக்காயிட்டா யாரு வாங்குவா?"

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை பேக்கரிக்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். கண்ணாடிக்காரம்மா அடுக்கியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தண்ணி முதுகுல பீய்ச்சும்போது எப்படிம்மா இருக்கும்? வலிக்குமா, சுகமா இருக்குமா?" என்றார்.

வாடிக்கையாளரிடம் பொய் சொல்லிக் கண்ணாடிக்காரம்மாவுக்குப் பழக்கமில்லை.

"நான் இதுல உக்காந்ததே இல்லைங்க" என்றாள். காதெல்லாம் சூடாகிவிட்டது. "நாளைக்கு மத்தியானம் வாங்க, சொல்றேன். நீங்களும் இறங்கிப் பாருங்க."

அவர்கள் தலை மறைந்ததும் கத்தரிக்கோலை எடுத்தாள். உறையைக் கிழித்து மூலையில் எறிந்தாள். நாத்தனார் ஓடிப்போய் ரப்பர் குழாயை மாட்டினாள். தண்ணீர் நிரம்பி, இரவெல்லாம் சூடேறியது.

மறுநாள் பழைய உடுப்போடு உள்ளே இறங்கிப் பொத்தானை அமுக்கினாள். அடுத்த நொடி, தெருவுக்கே கேட்கும்படி அலறினாள். அலறல் பாதியிலேயே சிரிப்பாக மாறிவிட்டது. கடையில் நின்று நின்று மரத்துப்போன கெண்டைக்காலை யாரோ உட்கார்ந்து பிடித்துவிடுவது போலிருந்தது. பிறந்ததிலிருந்து அவள் காலை யாரும் பிடித்துவிட்டதில்லை. "அடியே, இங்க வாடி! இதையா நான் மூடி வச்சிருந்தேன்!"

பேக்கரிக்காரரும் மனைவியும் துண்டும் கையுமாக வந்தபோது அவள் எழுந்திருக்கவே இல்லை. "வாங்க, வாங்க! உள்ள வாங்க!" என்று கூடத்தில் உட்கார்ந்திருப்பவள் போல அழைத்தாள். "முதல்ல குறுகுறுங்கும். அப்புறம் நீங்களே வெளிய வர மாட்டீங்க."

இருவரும் இறங்கினார்கள். பேக்கரிக்காரர் கண்ணை மூடியவர் மூடியவர்தான். இவரும் நழுவினால் நாளைக்குத் தொட்டியை ஏற்றிப்போக லாரி வந்து நிற்கும்.

"எப்படி சார் இருக்கு?"

"கொஞ்ச நேரம் பேசாம இரும்மா."

அவர் மனைவிதான் வாயைத் திறந்தாள். "எங்க வீட்டுக்கு எப்ப கொண்டாந்து வைப்பீங்க?"

கண்ணாடிக்காரம்மா தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு எழுந்தாள். கரையில் நின்ற நாத்தனாரைக் கட்டிப்பிடித்து அவளையும் தொப்பலாக நனைத்தாள்.

அவர்கள் போனபிறகு கணவர் வேலை முடிந்து வந்தார். "வித்தாச்சா? நிஜமாவா?" என்று மூன்று தடவை கேட்டார். நாத்தனார் விடாமல் நச்சரிக்க, அப்படி என்னதான் இருக்கிறது என்று அவரும் இறங்கினார். கண்ணாடிக்காரம்மா ஈரக்கையோடு மேலாளருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

"சபாஷ்! இனி ஏஜென்சி உங்களுக்குத்தான்" என்றார் அவர். "மாதிரித் தொட்டி நனைஞ்சிடுச்சில்ல? நாளைக்கு அதை எடுத்துட்டு வேற புதுசு அனுப்புறேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். நாள் முழுக்க ஸ்டீயரிங்கைப் பிடிக்கும் கைகள் இரண்டும் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. கல்யாணமான புதிதில் பார்த்த முகம் போலிருந்தது அவர் முகம்.

"அதை எடுக்க முடியாது சார்" என்றாள். "அதுல ஆள் இருக்கு. ரெண்டாவதும் வித்துடுச்சுன்னு எழுதிக்குங்க. என் கமிஷன்ல கழிச்சுக்கலாம்."