பட்டுத்துணியும் சூட்டு முள்ளும்

பிள்ளைகளே, காசல் நகருக்கு அருகே மலையேறும்போது, நாங்கள் புதிதாக வாங்கிய பழைய டீசல் வோன்மொபில் என்ற வீட்டு வண்டியின் எஞ்சின் சூட்டு முள் சிவப்பைத் தொடுகிறது. தரிப்பிடத்தில் நிறுத்துகிறேன். எஞ்சின் போனால் பயணம் இத்தோடு சரி.

பக்கத்தில் நின்ற ஜெர்மன் லொறிச் சாரதி வந்து பார்க்கிறார். தண்ணீர் குறையவில்லை, ஒழுக்கில்லை, விசிறியும் சுற்றுகிறது. பிறகு, நேற்றுக் கோயில் பூசையில் வண்டியின் முகப்பை மூடிக் கட்டிய சிவப்புப் பட்டுத்துணியைத் தொடுகிறார்.

“இதால காத்து எப்படி உள்ள போகும்?”

நான் தமிழில் சொன்னதும் உங்கள் அம்மா மறுத்துத் தலையாட்டுகிறாள். “பிள்ளையாருக்குக் கட்டினது. அவிழ்க்க ஏலாதெண்டு சொல்லுங்கோ.”

சொல்கிறேன். அவர் சிரிக்கவில்லை. “பின்னால கட்டினா கோவிப்பாரோ?”

“பிள்ளையார் கோவிக்கமாட்டாரப்பா, முன்னால விட்டா எஞ்சின்தான் கோவிக்கும்,” என்கிறேன் நான் அம்மாவிடம்.

அம்மா தானே அவிழ்க்கிறாள். அவர் அதை வண்டியின் பின்புற ஏணியில் இறுக்கமாகக் கட்டுகிறார்.

சூடு ஆறியதும் மலையேறுகிறோம். முள் நடுவிலேயே நிற்கிறது. அம்மா பக்கக் கண்ணாடியில், ஓரமாகப் பறக்கும் பட்டின் நுனியைப் பார்த்தபடியே வருகிறாள்.