ஸ்லைம் மேசைக்குக் கையுறை எதற்கு?

குடியிருப்பின் பொதுக்கூடத்தில் மேசையைப் போட்டுக் கிண்ணங்களில் பசையை ஊற்றும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, எல்லார் கண்ணும் கையுறை போட்ட தன் கை மேலேயே இருக்கிறது என்று. ஆண்டு ஒன்றுகூடலில் பிள்ளைகள் பிசைந்து விளையாடும் ஸ்லைம் கூழ் செய்து காட்டுகிறேன் என்று அவளே போய்ப் பெயர் கொடுத்திருந்தாள். குடிவந்து நாலு மாதம் ஆகிறது. ஒரு விடுதியின் சலவை அறையில் வேலை. வேலையை விட்டால் வீடு, வீட்டை விட்டால் வேலை. அவளுடைய ஏழு வயது மகளோடு விளையாட அந்தக் கட்டடத்தில் ஒரு பிள்ளைகூட வரவில்லை. மகள் மாடிப்படியில் உட்கார்ந்து மற்ற பிள்ளைகளை வேடிக்கை பார்ப்பாள். இன்று இந்த மேசையைச் சுற்றிப் பிள்ளைகள் மொய்த்தால், நாளைக்கு ஒருத்தியாவது வீட்டுக் கதவைத் தட்ட மாட்டாளா?

அதற்குத்தான் ஒரு வாரமாகப் பசையும் சமையல் சோடாவும் கண் லென்ஸ் கழுவும் திரவமுமாகச் சமையலறையில் கிடந்தாள். திரவம் கூடினால் ரப்பராகிறது, குறைந்தால் கையை விட மாட்டேன் என்கிறது. ஒன்பதாவது தடவைதான் பதம் வந்தது.

ஆனால் முதலில் வந்தது பிள்ளை இல்லை, பூதக்கண்ணாடி. மூன்றாம் மாடிக்காரிக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவர் கெட்டிக்காரர். பிஸ்கட் பொட்டலத்தைக்கூட முன்னும் பின்னும் படித்துவிட்டுத்தான் பிரிப்பாள்.

"இதுல என்னங்க போட்டிருக்கீங்க?"

"பசை, சமையல் சோடா, லென்ஸ் கழுவுற தண்ணி. அவ்வளவுதாங்க."

பூதக்கண்ணாடி பாட்டிலை எடுத்துக் கண்ணருகே வைத்துப் படித்தாள். குற்றம் எதுவும் கிடைக்காத வருத்தம் முகத்தில் தெரிந்தது. பிறகு பார்வை கீழே இறங்கியது.

"அப்ப நீங்க மட்டும் எதுக்குக் கையுறை போட்டிருக்கீங்க?"

கேட்டாளே ஒரு கேள்வி! கூடத்தில் இருந்த அம்மாக்கள் எல்லாரும் அவரவர் பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டார்கள்.

சலவை அறையின் வெளுப்புத் தூளில் ஊறி ஊறி அவள் விரல்கள் வெடித்துக் கிடந்தன. மகள்தான் தினமும் களிம்பு தடவிவிடுவாள். உண்மையைச் சொல்லலாம். யார் நம்புவார்கள்? இந்த ஸ்லைம்தான் கையை இப்படி ஆக்கிவிட்டது என்று மூன்றாம் மாடியிலிருந்து மொட்டை மாடி வரை கதை கட்டிவிடுவார்கள். லிஃப்டில் இவள் ஏறினால் பேச்சை நிறுத்துகிறவர்கள்தானே இவர்கள்? அவர்கள் மேல் அவளுக்கும் துளி நம்பிக்கை கிடையாது.

"பழக்கதோஷம்ங்க. வேலையில போட்டுப் போட்டு, கழட்டவே மறந்துட்டேன்."

மேசைக்கு அடியில் கையுறையை உருவினாள். யாரும் விரலைப் பார்ப்பதற்குள் இரண்டு கையையும் பெரிய கிண்ணத்தில் மணிக்கட்டு வரை அமுக்கினாள்.

எரிச்சல் உச்சந்தலை வரை ஏறியது. ஒவ்வொரு வெடிப்பிலும் மிளகாய் அரைத்துப் பூசியது போல இருந்தது. பூதக்கண்ணாடி கண்கொத்திப் பாம்பாக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் முகம் சுளித்தாலும் தீர்ந்தது கதை. அவள் சிரித்தாள். விரல்களை வெள்ளைக் கூழ் மூடியிருக்கும்படி பிசைந்தாள், முழ நீளத்துக்கு இழுத்தாள், இன்னும் சிரித்தாள்.

முதலில் பிடியை உதறிக்கொண்டு ஓடிவந்தது பூதக்கண்ணாடியின் மகளேதான். அவள் பின்னால் மற்றதுகள். கால் மணி நேரத்தில் மேசையே தெரியவில்லை.

கிண்ணத்தில் கைவிட்டபடியே அந்தச் சின்னப் பெண், மேசையருகே கலர் பாட்டில்களோடு நின்ற இவள் மகளிடம் கேட்டாள்:

"உங்கம்மா சிரிக்கிறாங்க, ஆனா கண்ணுல தண்ணி வருதே?"

பூதக்கண்ணாடியின் காது நீண்டது. அம்மா கிண்ணத்துக்குள் கையை இன்னும் ஆழமாக அமுக்கினாள். மகளுக்கு மறைத்துப் பேச வராது. கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவாள்.

மகள் அம்மாவின் கைகளைப் பார்த்தாள். கேட்டவளைப் பார்த்தாள்.

"எங்கம்மா ரொம்பச் சிரிச்சா அப்படித்தான்," என்றாள். "உனக்குப் பச்சைக் கலர் வேணுமா, நீலமா?"

பூதக்கண்ணாடி சரிதான் என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். இங்கே அம்மாவுக்கு அப்போதுதான் நிஜமாகவே அழுகை வந்தது. அதற்கும் சேர்த்து அவள் சிரித்துவைத்தாள்.