எறும்பு வராத கேக்

என் தம்பிக்கு ஒரு வயது நிறைகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குக் கேக் வரப்போகிறது என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டேன். நானாக வாயைத் திறந்து பிறருக்குச் சொன்ன முதல் செய்தி அதுதான் என்று நினைக்கிறேன்.

அப்போது எனக்கு ஏழு வயது இருக்கும். யாராவது பெயரைக் கேட்டால் அம்மாவின் சேலைக்குள் போய்விடுவேன். யட்டவத்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைக் காம்பராக்கள்தான் எங்கள் லயம். பிள்ளைகள் கூட்டமாக விளையாடும்போது நான் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். கூட்டத்துக்குத் தலைவி அடுத்த காம்பரா ராசம்மா, என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அவள் கூப்பிட்டால்தான் யாரும் ஆட்டத்தில் சேரலாம். என்னை அவள் கூப்பிட்டதே இல்லை.

மாத்தளை டவுனில் கடையொன்றில் வேலை பார்த்த மாமாதான் எல்லா ஏற்பாடும் செய்தார். "மருமகன் கேக் வெட்டுறத படம் புடிப்போம் அக்கா. ஸ்டூடியோக்காரரே கேக்கும் கொண்டாந்துருவாரு" என்றார். அம்மா பாயாசத்துக்குப் பயறு இருக்கிறதா என்ற யோசனையில் இருந்தார். எனக்கோ கால் தரையில் பாவவில்லை. துரை பங்களாவைத் தவிர அந்தத் தோட்டத்தில் கேக் நுழைந்த வீடு கிடையாது.

நேரே ராசம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"கேக்கா? நெசமாவா?"

"நெசமா."

"எங்க எல்லாருக்கும் குடுப்பீங்களா?"

தலையாட்டினேன்.

"பொய்யா இருந்துச்சு, அப்பறம் இருக்கு ஒனக்கு" என்றாள். ஆனால் அன்றைக்கே என்னை ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டாள். ஓடிப்பிடிக்கிற ஆட்டத்தில் ஒவ்வொரு முறையும் நான்தான் முதலில் பிடிபட்டேன். பிடிபடுவது இவ்வளவு சந்தோஷமான காரியம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தீபாவளிச் சட்டை, வழிய வழிய எண்ணெய், கையில் ஆளுக்கொரு வாழையிலைத் துண்டு என்று பிள்ளைகள் வந்து நின்றார்கள். ஸ்டூடியோக்காரர் பஸ்ஸில் வந்து இறங்கினார். மாமா ஒரு பெட்டியைத் தலையில் சுமந்து வந்தார். வாசலில் இரண்டு கம்பு நட்டு, குளமும் அன்னமும் வரைந்த திரையைக் கட்டினார்கள். அதன் முன்னால் மேசை. மேசைமேல் கேக்.

இரண்டு அடுக்குக் கேக். வெள்ளை வெளேரென்று, சுற்றிவர ரோசாப்பூ. பிள்ளைகள் மேசையை நெருக்கிக்கொண்டு நின்றார்கள். பாயாசச் சட்டியைச் சுற்றி எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. கேக் பக்கம் ஓர் எறும்புகூட எட்டிப் பார்க்கவில்லை. டவுன் கேக் என்றால் அவ்வளவு சுத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா தம்பியை மடியில் வைத்து, அவன் கையோடு கத்தியைப் பிடித்துக்கொண்டார். "லேசா வச்சா போதுங்க, அழுத்திறாதீங்க" என்றார் ஸ்டூடியோக்காரர். தம்பிக்கு அந்த நாகரிகமெல்லாம் தெரியாது. கையை உருவி, ஓங்கி ஒரு போடு போட்டான்.

"டொக்" என்றது கேக்.

கதவைத் தட்டினதுபோல் சத்தம். அது தம்பிக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது. டொக், டொக், டொக். ஒரு ரோசாப்பூ தெறித்து விழுந்தது.

"ஐயோ, பெயிண்டு போகுது! இன்னும் ரெண்டு வீட்டுக்கு இதத்தாங்க கொண்டு போகணும்!" என்று ஸ்டூடியோக்காரர் அலறினார்.

"அடியே, இது மரக்கட்டைடி!" என்றாள் ராசம்மா.

அதற்குமேல் அங்கே நிற்க எனக்குத் தைரியமில்லை. திரைக்குப் பின்னால் ஓடி ஒளிந்தேன். படம் அந்த நேரத்தில்தான் எடுக்கப்பட்டது. வாயெல்லாம் சிரிப்பாகத் தம்பி, கத்தியைப் பிடிக்கப் பாய்கிற அப்பாவின் கை, அன்னத்துக்குக் கீழே செருப்பில்லாத இரண்டு கால்கள். சின்ன வயதில் என்னை எடுத்த ஒரே படம் அது. இப்போது தம்பியின் மகள் அதைப் போனில் வைத்திருக்கிறாள். பெரிசாக்கிப் பார்த்தால் என் கால்விரல்கூடத் தெரிகிறது.

திரைக்கு அந்தப் பக்கம் டொக், டொக் என்ற சத்தம் நிற்கவே இல்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கோபத்தில் கேக்கை அடித்து உடைக்கிறார்கள் என்று நினைத்தேன். நடுவில் சிரிப்புச் சத்தமும் கேட்டது. என்னைத்தான் சிரிக்கிறார்கள். அம்மா பாயாசம் குடிக்கக் கூப்பிட்டும் நான் வெளியே வரவில்லை.

மறுநாள் காலையில் குடத்தோடு, மலைத்தண்ணீர் விழும் பீலிக்குப் போனேன். தண்ணீர் பிடிக்க நீள வரிசை. முன்னால் நின்ற ராசம்மா என்னைக் கண்டதும், "ஏய், இங்க வாடி! ஒன்னத்தான்!" என்று கையை வீசி வீசிக் கூப்பிட்டாள். அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தாள். வசமாக நிறுத்தி அடிப்பதற்குத்தான் அந்த இடம் என்று முடிவு செய்து, வெறுங்குடத்தோடு வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

அந்த வாரம் முழுவதும் பள்ளத்து ஓடைக்கு இறங்கித் தண்ணீர் சுமந்தேன். "எங்கடி போற? எடம் புடிச்சு வச்சிருக்கேன்டி!" என்று பீலிப் பக்கமிருந்து அவள் கத்துவது தினமும் கேட்கும். ஒரு கேக்குக்காக ஒருத்திக்கு இவ்வளவு நாள் கோபம் இருக்குமா என்று பயந்து, நான் இன்னும் வேகமாக நடந்தேன்.