சொன்னது சொன்னபடி

வெளிநாட்டு உதவி என்றால் பலருக்கும் கப்பலும் மூட்டையும்தான் நினைவுக்கு வரும். எனக்குத் திண்டுக்கல்லில் ஓடு போட்ட ஒரு அறையும், அதில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத மூன்று வெள்ளைக்காரர்களும்தான் நினைவுக்கு வருகிறார்கள். ஒருவருடைய அமைப்பு கோதுமை கொடுத்தது, இன்னொருவருடையது பால் பவுடர், மூன்றாமவருடையது மருந்து. மூவரும் தனித்தனி ஜீப்பில் கிளம்பி, தார் ரோட்டை ஒட்டிய அதே நாலு ஊருக்குப் போய், அதே பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வருவார்கள். ரோட்டோரப் பிள்ளைகளுக்குப் பால் குடித்துக் குடித்து வயிறு போனது. உள்ளே தள்ளியிருந்த ஊர்களுக்கு ஒரு டம்ளர்கூடப் போகவில்லை.

மூவரையும் ஒரே பட்டியலுக்குள் கொண்டுவர ஒரு கமிட்டி போட்டார்கள். கமிட்டிக்குப் பெயர் கொடுத்தவர்கள் பெரிய அதிகாரிகள், வேலை எனக்கு. தோல் வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, கடையில் உட்காராமல் இங்கிலீஷ் படித்த குற்றத்துக்குக் கிடைத்த தண்டனை என்று என் அத்தா சொல்வார்.

அறுபதுகளின் பிற்பாதி. மழை பொய்த்து, அரிசிக்குக் கடைக்குக் கடை வரிசை நின்ற காலம். அந்த நேரத்தில்தான் சென்னையில் ஆட்சியும் மாறியது. தென்னை மரத்தில் தேள் கொட்டினால் பனை மரத்தில் நெறி கட்டும் என்பார்களே, எங்கள் ஆபீஸ் அப்படித்தான் இருந்தது. யாரை எந்த ஊருக்குத் தூக்கி அடிப்பார்களோ என்று எல்லோருக்கும் பயம். பழைய அரசாங்கம் ஒத்துக்கொண்டதைப் புது அரசாங்கம் மதிக்குமா என்று வெள்ளைக்காரர்கள் என்னைக் கேட்பார்கள். மந்திரிசபையே என் சட்டைப் பையில் இருப்பதுபோல, மதிக்கும் என்பேன்.

அவர்களுக்கு இன்னொரு புகாரும் இருந்தது. மொழிபெயர்க்கக் கூடப் போகிறவர்கள் கைச்சரக்கைச் சேர்த்தார்கள். சோறு தின்று இரண்டு நாளாச்சு என்று ஒரு கிழவி சொன்னால், எட்டு நாள் என்பார்கள். ஒரே கிழவி கோதுமைக்காரர் நோட்டில் இரண்டு நாளும் மருந்துக்காரர் நோட்டில் எட்டு நாளும் பட்டினி கிடந்தாள். ஆகவே நான் ஒரு விதி போட்டேன். கேள்வி என்ன, பதில் என்ன, கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டும். சொன்னது சொன்னபடி. மூன்று பேரும் முதல்முறையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஆபீசில் எனக்கு ஒரே சிநேகிதர், விரிவாக்க அதிகாரி ஒருவர். என்னைவிட நாலைந்து வயசு மூத்தவர். மதியம் என் டிபன் கேரியரும் அவருடைய தூக்குச்சட்டியும் சேர்ந்துதான் திறக்கும். பெருநாளுக்கு அவர் எங்கள் வீட்டில், பொங்கலுக்கு நான் அவர் வீட்டில். ஒருநாள் அவர் வீட்டிலிருந்து இருவரும் கிளம்பும்போது அவர் மனைவி உள்ளேயிருந்து, "அரிசி நிறைஞ்சிருக்கு, வாரப்ப வாங்கிட்டு வந்துருங்க" என்றார். வீட்டில் ஒரு பொருள் தீர்ந்துவிட்டால் இல்லை என்று வாயால் சொல்லக் கூடாது, சொன்னால் அதுவே நிலைத்துவிடும். உங்க வீட்டில் என்ன சொல்வீர்கள் என்று சிநேகிதர் கேட்டார். பரக்கத்தா இருக்கு, பெருகியிருக்கு என்போம் என்றேன். இரண்டு சாதிப் பானையும் காலியாகிற விதம் ஒன்றுதான் என்று இருவரும் தெரு முனை வரை சிரித்துக்கொண்டே போனோம்.

வேடசந்தூருக்கு மேற்கே, ரோட்டை விட்டு நாலு மைல் உள்ளே முப்பது வீடுகள் கொண்ட ஒரு சிற்றூர் இருந்தது. கோதுமைக் கஞ்சி மையத்துக்கு என் பட்டியலில் முதல் ஊர் அதுதான். கஞ்சி காய்ச்ச நான் வாரேன் என்று அங்கே ஒரு பெண் முன்வந்திருந்தார். புருஷன் பிழைப்புத் தேடி எஸ்டேட் பக்கம் போனவன் போனவன்தான். மூன்று பிள்ளைகள். கடைசிக்கு இரண்டு வயசாகியும் எழுந்து நிற்க முடியவில்லை, கால் குச்சி குச்சியாக இருக்கும். கஞ்சி வந்துவிட்டால் இவன் நின்றுவிடுவான் என்று நம்பினார். ஆட்டுக் கொட்டடி ஒன்றைச் சுத்தம் செய்து மெழுகி, கல் சுமந்து அடுப்பும் போட்டுவிட்டார். நான் சைக்கிளை நிறுத்தினால், வந்த காரியம் கேட்கும் முன் ஒரு செம்புத் தண்ணீர் வந்துவிடும். அந்தத் தண்ணீர் இரண்டு மைல் நடந்து எடுத்தது. வெள்ளைக்காரர் வந்து பார்த்ததும் மூட்டை வந்துரும்மா என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

கோதுமைக்காரர் பார்க்கப் போகிற அன்று, மருந்துக்காரர்களின் நர்ஸ் கொடைக்கானலிலிருந்து இறங்குவதாகத் தகவல் வந்தது. நான் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயாக வேண்டும். சிநேகிதர் தோளில் தட்டி, "நீங்க போங்க பாய், வேடசந்தூர்ப் பக்கம் நான் பாத்துக்கிறேன்" என்றார். நிம்மதியாகப் போனேன்.

மூன்றாம் நாள் பட்டியலை டைப் அடிக்க உட்கார்ந்தேன். அந்த ஊருக்கான தாளில் அவர் கையெழுத்தில், இங்கிலீஷில் எழுதியிருந்தது: வீட்டில் அரிசி இருக்கிறதா? நிறைந்திருக்கிறது. பருப்பு? நிறைந்திருக்கிறது. கீழே கோதுமைக்காரரின் சிவப்புக் கோடு. அந்த ஊருக்குப் பதில், சிநேகிதர் கையெழுத்திலேயே, ஏற்கெனவே பால் பவுடர் வாங்கிக்கொண்டிருந்த ஒரு ரோட்டோர ஊர். புதிதாகப் பதவிக்கு வந்த கட்சியின் உள்ளூர்ப் பெரிய மனிதர் குடியிருக்கிற ஊர்.

தாளை எடுத்துக்கொண்டு அவர் மேசைக்குப் போனேன். அவர் முன்னால் வைத்தேன். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

"அந்தம்மா சொன்னதத்தானே பாய் நான் சொன்னேன்? சொன்னது சொன்னபடின்னு ரூல் போட்டது நீங்கதானே."

ஆள் இங்கிலீஷ் தெரியாமல் தப்பாகச் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். தன் பெண்டாட்டி வாயில் தினமும் கேட்கிற வார்த்தையை எடுத்து, முப்பது வீட்டின் கஞ்சியில் மண் போட்டார். கூட இருந்தே குழி பறிப்பது என்பதை அதுவரை பழமொழியாகத்தான் கேட்டிருக்கிறேன். இரண்டே வாரத்தில், வெகுநாளாகக் கேட்டும் கிடைக்காத மாற்றல் அவருக்குச் சொந்த ஊரான சித்தையன்கோட்டைப் பக்கம் வந்தது. ஆபீசில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். என் மேசையிலும் ஒன்று வைத்துவிட்டுப் போனார். அது எறும்பு தின்னும்வரை அங்கேயே கிடந்தது.

கோதுமைக்காரரிடம் போய், நிறைந்திருக்கிறது என்றால் இல்லை என்று அர்த்தம் என்றேன். அவர், அப்படியானால் இந்த இரண்டு வருஷமாக நீங்கள் எல்லோரும் என்னிடம் ஆமாம் என்று சொன்னதில் எத்தனைக்கு இல்லை என்று அர்த்தம் என்று கேட்டார்.  விடாமல் நச்சரித்து இன்னொரு முறை வர ஒப்புக்கொள்ள வைத்தேன். ஆனால் வீட்டுக்காரி தன் வாயால் சொல்ல வேண்டும், அர்த்தம் சொல்லும் வேலை உமக்கு வேண்டாம் என்றுவிட்டார்.

முன்கூட்டியே போய் அந்தப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். இந்தத் தடவை இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் கடைக்குட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டார்.

"வீட்டு வாசல்ல நின்னு அந்த வார்த்தைய எப்படி பாய் சொல்றது? பிள்ளைக இருக்குல்ல."

சொல்லாவிட்டால் கோதுமை வராது என்றேன். நான் போட்ட விதியை நானே மீறி, அவர் என்ன சொன்னாலும் இல்லை என்று எழுதியிருக்கலாம். அது எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் செய்திருக்க மாட்டேன், நான் யோக்கியன் அல்லவா.

மறுநாள் வெள்ளைக்காரர் கேட்டார், நான் தமிழில் கேட்டேன். அரிசி இருக்கிறதா? அந்தம்மா இடுப்பிலிருந்த பிள்ளையின் காதைத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "இல்ல" என்றார். பருப்பு? "இல்ல." நான் எழுதிக்கொண்டேன்.

அந்த மாதமே மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. புது அரசாங்கத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை புதிய மையம் எதுவும் கிடையாது, இருக்கிற சரக்கு ஏற்கெனவே நடக்கிற மையங்களுக்கு மட்டும். கையெழுத்தானபோது கோதுமைக்காரரே வேறு நாட்டுக்குப் போயிருந்தார். அவருக்குப் பின் வந்தவர் கையில் வேறு பட்டியல் இருந்தது.

கடிதம் வந்த அன்றே சைக்கிளை மிதித்துக்கொண்டு அந்தப் பெண் வீட்டுக்குப் போனேன். நல்ல வெயில். மையம் வராது என்று வாசலில் நின்றபடியே சொன்னேன். அவர் அழவில்லை, என்னைத் திட்டவுமில்லை. முறத்தில் இருந்ததைப் புடைத்துக்கொண்டே இருந்தார். எனக்குத் தொண்டை வறண்டது. இத்தனை நாளில் அந்த வீட்டில் நான் வாய்விட்டுக் கேட்டதே இல்லை, அன்றைக்குத்தான் கேட்டேன். கொஞ்சம் தண்ணீர் கொடுங்கம்மா என்றேன்.

அவர் முகத்தை நிமிர்த்தி என்னை நேராகப் பார்த்தார்.

"இல்ல பாய்."

அவர் பக்கத்திலேயே மண்குடம் இருந்தது. கடைக்குட்டி அதைப் பிடித்துக்கொண்டு எழ முயன்றுகொண்டிருந்தான். அவன் கை பட்டதில் குடம் லேசாக அசைந்து, விளிம்பில் தண்ணீர் தளும்பிக் கீழே வழிந்தது.