லிஃப்ட்டில் இரண்டு உருளி

இதை எழுதலாமா, வேண்டாமா என்று ஆறு வருஷம் யோசித்தேன். பேனாவை எடுப்பேன்... மழை, மாங்காய் ஊறுகாய் என்று வேறு எதையாவது எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பிவிடுவேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். கோர்ட்டு, சட்டம், வேதம் என்றெல்லாம் பெரிதாகப் பேச வராது. ஆனால் போன வாரம் நடந்ததை இனியும் வாய்க்குள் வைத்திருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

என் தம்பி சுயம்பு. அப்பா அம்மா போன பிறகு அவனுக்குப் பிறந்த வீடு என்றால் நான்தான். திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் வேலை. அங்கே ஆறு வருஷமாக ஜோஜியோடு வாழ்கிறான். ஜோஜி கொல்லம் பக்கத்துக்காரர், ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருவரும் வாழ்வது நண்பர்களாக அல்ல — புருஷன் பெண்டாட்டி எப்படியோ, அப்படி. ஜோஜியும் ஆண்தான்.

அப்பாடா... எழுதிவிட்டேன்!

எங்கள் குமரி மாவட்டத்தில் கல்யாணம் முடிந்ததும் 'அடுக்களை காணல்' என்று ஒன்று உண்டு. பெண் வீட்டார் பாத்திரமும் பலகாரமுமாக மாப்பிள்ளை வீட்டுக்குப் போவார்கள். தங்கள் பெண் புழங்கப்போகும் அடுக்களையைப் பார்ப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் விருந்து போடுவார்கள். கேரளத்திலும் இது உண்டு.

தம்பி அந்த வீட்டில் குடியேறிய நாள் வந்தால் போதும், வருஷம் தவறாமல் போன் வரும். "யக்கா, அடுக்களை காண வாறியா?"

"பாப்போம் மக்கா" என்பேன். ஐந்து வருஷம், ஐந்து 'பாப்போம்'.

ஏன் போகவில்லை? பயம்தான், வேறென்ன? நாங்கள் அய்யாவைக் கடவுளாகக் கும்பிடும் அய்யாவழிக் குடும்பம். ஞாயிறு தவறாமல் எங்கள் கோயிலான தாங்கலுக்குப் போய், நெற்றியில் நாமத்தோடு பணிவிடையில் நிற்கிறவர்கள். என் வீட்டுக்காரர் தாங்கல் கமிட்டியில் இருக்கிறார். இந்த வருஷம் போயே தீருவேன் என்றதும் அவருக்கு வியர்த்துவிட்டது.

"ஏட்டி, பொண்ணு வீட்டுக்காரங்கதான் அடுக்களை காணப் போவாவ. நீ பாத்திரத்தத் தூக்கிட்டுப் போனா, நம்ம பயலப் பொண்ணுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆவும்லா?"

"அப்ப அவங்க வரட்டும், நாம விருந்து வைப்போம்னு சொல்லுதியளா?"

"அய்யய்யோ, அது இதவிட மோசம்!"

"அய்யா பொறுக்க மாட்டாரா?"

"அய்யா பொறுப்பாரு. கமிட்டி பொறுக்குமாட்டி?"

ஆனால் பாருங்கள்... கார் வந்ததும் வெண்கல உருளியைச் சாக்கில் சுற்றி, சணலால் இரண்டு முடிச்சுப் போட்டு, டிக்கியில் வைத்தவரும் அவரேதான். கூட வரவில்லை. முடிச்சு மட்டும் போட்டார்.

வழியெல்லாம் யோசனை. தம்பி முன்பு நாலு வருஷம் வளைகுடாவில் இருந்தான். அங்கே இது வெளியே தெரிந்தால் ஜெயில். அவனோடு வேலை பார்த்த ஒருவருக்குக் கனடாவில் சர்ச்சிலேயே கல்யாணம் — இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் பாதிரியாரே ஜெபம் செய்தாராம். ஜோஜியின் ஊரிலோ, அதே சிலுவைக்கு முன்னால் அவர் பெயரைச் சொன்னாலே முகத்தைத் திருப்புகிறார்கள். நம் கோர்ட்டு குற்றமில்லை என்றது. கல்யாணம் என்று மட்டும் எழுதித் தர மாட்டேன் என்கிறது. கடவுள் எல்லா ஊரிலும் இருக்கிறார்தானே? ஊருக்கு ஊர் வேறு வேறு உத்தரவா போடுவார்? எனக்குப் புரியவில்லை. தக்கலை தாண்டியதும் முந்திரிக்கொத்து டப்பாவைத் திறந்து இரண்டைத் தின்றேன். பயத்துக்கு நல்ல மருந்து.

தம்பியிடம் வருகிறேன் என்று சொல்லவில்லை. சொன்னால் தைரியம் போய்விடும்!

அவன் குடியிருப்பின் லிஃப்ட்டில் ஏறினேன். என்னோடு இன்னொரு அம்மாவும் ஏறினார். கழுத்தில் சிலுவைச் சங்கிலி. கையில், பேப்பரில் சுற்றிய ஏதோ கனமான சாமான். பேப்பர் கிழிந்த இடத்தில் எட்டிப் பார்த்தது... உருளி!

நான் மூன்றாம் மாடியை அமுக்கினேன். அவரும் அதையே அமுக்கினார். அவர் என் சாக்கைப் பார்த்தார். நான் அவர் பேப்பரைப் பார்த்தேன். லிஃப்ட் நின்றது. ஒரே கதவுக்கு முன்னால் போய் நின்றோம்.

கதவைத் திறந்தான் தம்பி. இடுப்பில் கைலி, வாயில் பிரஷ். என்னைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். படாரென்று கதவைச் சாத்திவிட்டான்!

உள்ளேயிருந்து சத்தம். "ஜோஜி! ஏ ஜோஜி! ரெண்டு பேரும் வந்திருக்காவ!"

அவர் ஏலியாம்மா. ஜோஜியின் அம்மா. ஜோஜியும் வருஷா வருஷம் அதே நாளில் அவரை அழைத்திருக்கிறார். அவரும் ஐந்து வருஷம் என் 'பாப்போம்' மாதிரியே 'நோக்காம்' சொல்லியிருக்கிறார். யாருமே வரப்போவதில்லை என்றுதான் பையன்கள் இருவரும் இந்தத் தடவையும் நினைத்திருக்கிறார்கள். அதனால் வீட்டில் சமையலே இல்லை.

உள்ளே போனதும் ஏலியாம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "நிங்கள் மாப்பிள வீட்டுகாரல்லே? பின்னே எந்தினா உருளி?"

"நாங்க எங்க மாப்பிள வீடு? நீங்கதான் மாப்பிள வீடு. நாங்கதான் அடுக்களை காண வந்தோம்!"

"அது பற்றில்லா. காணான் வந்நது ஞான்!" காண வந்தது தான்தான், விட்டுத்தர முடியாது என்கிறார்.

வீட்டிலிருக்கும்போது எதற்குப் பயந்தோமோ, அதற்கே இப்போது சண்டை! ஏன் தெரியுமா? பெண் வீட்டாருக்குத்தான் முதல் பந்தி. அடுக்களையில் குறை கண்டுபிடிக்கும் உரிமையும் அவர்களுக்குத்தான். அதை விடுவோமா?

கடைசியில் இருவருமே பெண் வீடு என்று முடிவாயிற்று. சேர்ந்து அடுக்களைக்குள் நுழைந்தோம். உப்பு, ஊறுகாய் பாட்டிலில். பெருங்காயம், மருந்து டப்பாவில். ஃபிரிட்ஜில் மூன்று முட்டை, காய்ந்த அரை எலுமிச்சை. ஏலியாம்மா தலையில் கை வைத்தார். நானும் வைத்தேன். ஐந்தே நிமிஷத்தில் நாங்கள் ஒரு கட்சி, பையன்கள் எதிர்க்கட்சி.

தேங்காய் வாங்க ஜோஜி ஓடினார். அடுப்புப் பற்றவைக்கும் முன் ஏலியாம்மா கண்ணை மூடிச் சிலுவை வரைந்தார். நான் "அய்யா உண்டு" என்று சொல்லி, இரண்டு உருளிக்கும் நாமம் இட்டேன்.

"ரண்டு பேரும் பிரார்த்திச்சாச்சு" என்றார் ஏலியாம்மா. "இனி அடுப்பில கேஸ் உண்டோந்நு நோக்கு."

தேங்காய் துருவும்போது கேட்டேன். "உங்க சர்ச்சுல ஒண்ணும் சொல்லலியா?"

"அச்சன் பறஞ்சு, ஆ வீட்டில காலு வெக்கண்டா எந்நு. ஞான் சோதிச்சு — அச்சோ, அடுக்களையில வெக்காமோ?" அந்த வீட்டில் கால் வைக்காதே என்ற பாதிரியாரிடம், அடுக்களையில் வைக்கலாமா என்று கேட்டாராம். சிரித்தார். பிறகு துருவலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆறு வருஷமா, ஈ மகன் மாறணே எந்நு பிரார்த்திச்சு. அவன் மாறியில்லா. ஞான் மூணு பஸ் மாறி இவிட வந்நு."

சாப்பாட்டின்போது சுயம்பு இலையை விட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை. "என்ன மக்கா, உப்புக் கூடிப்போச்சா?" என்றேன்.

"இல்ல யக்கா. நீ இந்த வருஷமும் வரலன்னா, இனிமே கேக்கண்டாம்னு இருந்தேன்."

கமிட்டிக்குப் பயந்து ஒரு தம்பியைத் தொலைக்க இருந்தேனே!

கிளம்பும்போது ஏலியாம்மா ஒரு டின் அச்சப்பம் — நம் அச்சுமுறுக்குதான் — கொடுத்தார். அடுக்களை கண்டு வந்தால் அக்கம்பக்கத்துக்குப் பலகாரம் கொடுக்க வேண்டுமே? பக்கத்து வீட்டுத் தங்கம் அக்காவிடம் நாலைந்து கொடுத்தேன்.

"எங்க போயிட்டு வாற?"

"தம்பி வீட்டு அடுக்களை காண."

"அவனுக்குக் கல்யாணம் ஆச்சா! பொண்ணு யாரு?"

"பொண்ணு இல்லக்கா. ரெண்டு பேரும் பையனுவதான்."

தங்கம் அக்கா அச்சப்பத்தைக் கடித்தார். மென்றார். ரொம்ப நேரம் மென்றார். "எண்ணெ நல்ல எண்ணெயாட்டு இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் தெருமுனையில் விசாரிக்கிறார்கள் — தம்பி மலையாளத்துப் பெண்ணைக் கட்டியிருக்கிறானாமே? ஞாயிற்றுக்கிழமை தாங்கலில் பேச்சு வளர்ந்து, அந்தப் பெண்ணுக்கு மூன்று மாசம்! என் வீட்டுக்காரருக்குக் கைகொடுத்து வாழ்த்தியிருக்கிறார்கள்.

"நீங்க என்ன சொன்னிய?"

"சிரிச்சேன்."

"நான் உள்ளத எழுதப் போறேன்."

டின்னைத் திறந்தார். ஒரு அச்சப்பம் எடுத்தார். "எழுது. எம் பேரப் போடாத."

போடவில்லை.

வாசகர்களே, இதைக் கட்டாயம் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் நடந்தது நடந்தபடி சொல்லுங்கள். அச்சப்பத்தை வேண்டுமானால் நாலு கூட்டிக்கொள்ளுங்கள்... மாப்பிள்ளையில் ஒன்றைக் குறைத்துவிடாதீர்கள்!